காத்து எந்தப் பக்கம் போகுது? வைரஸ் காலத்தில் வீட்டு மூச்சுக் கருவிகள்

2021 மே மாதக் கடைசி. கோவையின் தினசரி கொரோனா எண்ணிக்கை சென்னையையே தாண்டிப் போன நாட்கள் அவை. பல்லடத்திலிருந்து பெரியப்பா போன் செய்தார். முப்பது வருடம் தறிக்குடோனில் நின்றவர். பஞ்சும் பீடியும் சேர்ந்து நுரையீரலைத் தின்றுவிட்டன. காலையில் நெபுலைசர், அதாவது மருந்தைச் சாரலாக்கி மூச்சில் ஏற்றும் மெஷின், வைத்தால்தான் எழுந்து பல் விளக்கத் தெம்பு வரும்.

“தம்பி, உங்க அண்ணனுக்குக் காய்ச்சல், டெஸ்ட்டுல பாசிட்டிவ்னு வந்துருச்சு. இந்தப் பொகை மெசினைப் போட்டா ஊடு பூரா கிருமி பரவுமாமா. உங்க அண்ணி அதையத் துணியில சுத்தி அட்டாலி மேல வெச்சுப்போட்டா. போடாம இருந்தா எனக்கு மூச்சே வர மாட்டீங்குது. என்ன பண்றதுன்னு நீயே சொல்லு.”

அதே வாரம் திருப்பூரில் பனியன் கம்பெனி வைத்திருக்கும் நண்பர் ஒருவர், காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துத் தரும் ஆக்சிஜன் கான்சன்ட்ரேட்டரை இரட்டை விலை கொடுத்து வாங்கிவிட்டுச் சந்தோஷமாகப் பேசினார். “மெசின் வந்துருச்சுங்க. இனி அப்பாவ ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போற வேலையே இல்லீங்க.” ரத்தத்தில் எத்தனை சதவீதம் ஆக்சிஜன் என்று அளக்கும் ஆக்சிமீட்டர், அப்பாவின் விரலில் எவ்வளவு காட்டுகிறது என்று கேட்டேன். நிமிடத்துக்கு 5 லிட்டர் ஆக்சிஜன் ஓடியும் 86. போனை வைத்துவிட்டு முதலில் 108-ஐக் கூப்பிடுங்கள் என்றேன்.

ஒரு வீட்டில் மெஷினைக் கண்டு பயம், இன்னொரு வீட்டில் மெஷின் மேல் கண்மூடித்தனமான நம்பிக்கை. நான் மருத்துவன் இல்லை. இந்தக் கருவிகளை வாடகைக்கு விட்டு, சர்வீஸ் செய்கிற வேலையில் பல வருடம் இருந்தவன். இரண்டு பேரிடமும் நான் கேட்டது ஒரே கேள்விதான்: காற்று எங்கிருந்து வருகிறது, யார் மூக்குக்குள் போய்விட்டு, எங்கே வெளியேறுகிறது? இதற்குப் பதில் தெரிந்துவிட்டால் பயமும் பாதி குறையும், அசட்டுத் தைரியமும் பாதி குறையும்.

வைரஸ் எதில் ஏறி வருகிறது?

தோட்டத்தில் மருந்தடிக்கிறவரைப் பாருங்கள். ஸ்பிரேயரின் முனையைத் தளர்த்தினால் மருந்து பெரிய பெரிய சொட்டாகக் காலடியிலேயே விழும். முனையை இறுக்கினால் பனி மாதிரி கிளம்பி, பக்கத்துக் காட்டு வெண்டைச் செடி வரைக்கும் போகும். அதனால்தான் அனுபவசாலிகள் காற்றுக்கு எதிரே நின்று மருந்தடிக்க மாட்டார்கள்.

நம் வாயும் மூக்கும் இதே வேலையைத்தான் செய்கின்றன. இருமும்போதும் தும்மும்போதும் பெரிய சொட்டுகள் தெறித்து ஆறடிக்குள் விழுந்துவிடும். பேசும்போதும், சும்மா மூச்சு விடும்போதும்கூட கண்ணுக்குத் தெரியாத நுண்துளிகள் வெளியே வந்து காற்றில் மிதக்கும். இப்படி மிதக்கும் நுண்துளிக் கூட்டத்துக்கு ஏரோசால் என்று பெயர். சமையலறையில் எண்ணெயில் வரமிளகாயைப் போட்டால் ஆசாரத்தில், அதாவது முன்கூடத்தில், உட்கார்ந்திருப்பவர் தும்முகிறாரே, ஏறக்குறைய அந்தக் கதைதான். யாரும் மிளகாயைத் தூக்கி அவர் மூக்கில் எறியவில்லை.

கவனிக்க வேண்டியது, வைரஸ் இருப்பது நோய் தொற்றியவரின் மூச்சில். எந்த மெஷினும் வைரஸை உற்பத்தி செய்வதில்லை. தொற்றியவரின் மூச்சை ஒரு மெஷின் எங்கே, எவ்வளவு வேகமாகத் தள்ளுகிறது என்பதில்தான் ஆபத்து இருக்கிறது.

அப்படிப் பார்த்தால் பெரியப்பா வீட்டில் நடந்தது தலைகீழ்க் கூத்து. காய்ச்சல் அண்ணனுக்கு, மெஷின் பெரியப்பாவுக்கு. தொற்றாதவர் வைக்கும் நெபுலைசரிலிருந்து வைரஸ் எப்படி வரும்? அண்ணன் மூச்சு பெரியப்பாவிடம் போகாமல் பார்க்க வேண்டிய இடத்தில், பெரியப்பாவின் மருந்தை நிறுத்திவிட்டார்கள். மருந்து நின்று இளைப்பு முற்றினால் கொரோனா நோயாளிகள் நிறைந்த ஆஸ்பத்திரிக்குத்தான் ஓட வேண்டும். எதைத் தவிர்க்க நினைத்தார்களோ, அதையே தேடிப் போவது போல.

நெபுலைசர்: அந்தப் புகை யாருடையது?

ஊரில் “புகை வைக்கிறது” என்பார்கள். உண்மையில் அது புகையே இல்லை, மருந்துச் சாரல். பெட்டிக்குள் ஒரு சின்ன கம்ப்ரசர் இருக்கிறது. அது அறைக் காற்றை இழுத்து, குழாய் வழியே வேகமாக ஊதும். குழாயின் மறுமுனையில் உள்ள குட்டிக் கிண்ணத்தில் மருந்து இருக்கும். ஊசித் துளை வழியே பாயும் காற்று மருந்தைச் சிதறடித்து 1 முதல் 5 மைக்ரான் அளவுள்ள துளிகளாக்கும். மைக்ரான் என்றால் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. துளி அதைவிடப் பெரிதானால் தொண்டையிலேயே ஒட்டிக்கொள்ளும், நுரையீரலின் அடிவரை இறங்காது.

ஆக, மாஸ்க்கிலிருந்து வழிகிற அந்த வெள்ளைச் சாரல் கிண்ணத்து மருந்து, நோயாளியின் சளி அல்ல. இதை வைத்து, நெபுலைசரால் கூடுதல் தொற்று ஆபத்து இல்லை என்று ஒரு தரப்பு மருத்துவர்கள் சொன்னார்கள். நெபுலைசர் வைக்கும்போது நோயாளி இருமுவார், ஆழமாக மூச்சு விடுவார், அவர் விட்ட மூச்சு சாரலோடு கலந்து அறைக்குள் வரும், அதனால் எச்சரிக்கை வேண்டும் என்றது இன்னொரு தரப்பு. இரண்டிலும் நியாயம் உண்டு. வீட்டில் இருப்பவர்கள் இரண்டாவது தரப்பின் பேச்சைக் கேட்டால் நஷ்டம் ஒன்றுமில்லை.

எனவே தொற்று உறுதியானவரோ, சந்தேகம் உள்ளவரோ நெபுலைசர் வைக்க வேண்டியிருந்தால் தனி அறையில், வெளிப்பக்க ஜன்னலைத் திறந்துவிட்டு அதன் ஓரம் உட்கார்ந்து வைக்கட்டும். வெளித் திண்ணையோ மொட்டை மாடியோ இருந்தால் இன்னும் நல்லது. மருந்தை ஊற்றிக் கொடுத்ததும் மற்றவர்கள் வெளியே வந்துவிட வேண்டும். முடிந்த பிறகும் அரை மணி நேரமாவது அந்த அறை காற்றாடட்டும். குழந்தைக்கோ தானாக உட்கார முடியாதவருக்கோ வைப்பதென்றால் ஒருவர் கூட இருந்துதான் ஆக வேண்டும். அவர் என்95 மாஸ்க்கை மூக்கோடு பொருத்தமாகப் போட்டுக்கொண்டு, நோயாளியின் முகத்துக்கு நேரே உட்காராமல் பக்கவாட்டில் இருக்கலாம்.

இதைவிட எளிய வழி ஒன்று உண்டு. பல நோயாளிகளுக்கு இதே மருந்தை இன்ஹேலரில் ஸ்பேசர் பொருத்திக் கொடுக்கலாம். ஸ்பேசர் என்பது இன்ஹேலருக்கும் வாய்க்கும் நடுவே வைக்கும் ஒரு பிளாஸ்டிக் கூடு. மருந்து அதற்குள் நின்று நிதானமாக உள்ளே போகும். கரன்ட் வேண்டாம், சாரலும் அறைக்குள் பரவாது. தொற்றுக் காலத்தில் பல நாட்டு மருத்துவர்களும் இதைத்தான் முதலில் பரிந்துரைத்தார்கள். “பெரிய மெசின்ல வெச்சாத்தான் புடிக்கும்” என்கிற எண்ணம் நம் பக்கம் கொஞ்சம் அதிகம். சாதாரண இளைப்புக்கு, முறையாகப் பிடித்தால் ஸ்பேசரும் அதே அளவு வேலை செய்யும். மாற்றலாமா என்று உங்கள் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.

ஸ்பேசரைச் சோப்புத் தண்ணீரில் அலசினால் துணியால் துடைக்காதீர்கள், தானாகக் காயட்டும். பாலியெஸ்டர் துணியைத் தேய்த்தால் நூல் தூசியெல்லாம் அதில் ஒட்டிக்கொள்வது திருப்பூர்க்காரர்களுக்குத் தெரியும். துடைத்த பிளாஸ்டிக்கிலும் அதே மின்னேற்றம் உண்டாகி, மருந்து உங்கள் நெஞ்சுக்குப் போகாமல் ஸ்பேசரின் சுவரில் ஒட்டிக்கொள்ளும்.

இன்னொன்று. 2021 ஏப்ரலில், மருந்தே இல்லாமல் நெபுலைசரைப் போட்டால் உடம்பில் ஆக்சிஜன் ஏறும் என்று ஒரு வீடியோ வாட்ஸ்அப்பில் சுற்றியது. நெபுலைசர் ஊதுவது அறைக் காற்றை. அதில் உள்ள ஆக்சிஜன், நீங்கள் சும்மா உட்கார்ந்திருந்தாலும் உள்ளே போகிற அதே 21 சதவீதம்தான்.

ஆவி பிடிப்பதையும் இங்கேயே சொல்லி முடித்துவிடலாம். நொச்சித் தழை போட்டு ஆவி பிடித்தால் அடைத்த மூக்குக்குச் சுகமாக இருக்கும். அது நுரையீரலில் உள்ள வைரஸைக் கொல்லாது. 2021 மே மாதம் பொது இடங்களில் வரிசையாக ஆவி பிடிக்க வைத்தபோது, அப்படிச் செய்ய வேண்டாம் என்று சுகாதாரத்துறை அமைச்சர் மா. சுப்பிரமணியன் கேட்டுக்கொண்டார். ஒருவர் இருமிவிட்டுப் போன இடத்தில் அடுத்தவர் மாஸ்க்கைக் கழற்றி ஆழமாக மூச்சை இழுப்பதை நினைத்துப் பார்த்தால் காரணம் புரியும்.

ஆக்சிஜன் கான்சன்ட்ரேட்டர்: காற்றைப் புடைக்கும் பெட்டி

நம்மைச் சுற்றியுள்ள காற்றில் 78 சதவீதம் நைட்ரஜன், 21 சதவீதம் ஆக்சிஜன். கான்சன்ட்ரேட்டர் புதிதாக எதையும் தயாரிப்பதில்லை. நைட்ரஜனைப் பிடித்து வைத்துக்கொண்டு மீதியை அனுப்புகிறது, அவ்வளவுதான். உள்ளே இரண்டு உருளைகள் நிறைய சியோலைட் என்ற கனிம மணிகள் இருக்கும். அழுத்தத்தோடு காற்றைச் செலுத்தினால் நைட்ரஜன் அந்த மணிகளில் ஒட்டிக்கொள்ளும், ஆக்சிஜன் தாண்டிப் போய்விடும். அழுத்தத்தை விட்டால் ஒட்டிய நைட்ரஜன் கழன்று வெளியேறும். ஓர் உருளை பிடிக்கும்போது மற்றொன்று விடும். ஒரே உரலில் இரண்டு பேர் மாற்றி மாற்றி உலக்கை போடுவது போல. மெஷினிலிருந்து சில விநாடிக்கு ஒருமுறை “டுக்... ஸ்ஸ்ஸ்” என்று கேட்கிறதே, அது உருளை மாறும் சத்தம். பழுது இல்லை.

“இந்த மெசின் ரூமுல இருக்கற ஆக்சிஜனை எல்லாம் உறிஞ்சிப்போடுமே, கூடப் படுக்கறவங்களுக்கு?” என்று கேட்காத வீடே இல்லை. கணக்குப் போடுவோம். பத்துக்குப் பன்னிரண்டு அறை, பத்தடி உயரம் என்றால் உள்ளே ஏறக்குறைய 34,000 லிட்டர் காற்று. அதில் ஆக்சிஜன் மட்டும் 7,000 லிட்டர். மெஷின் பிரித்த ஆக்சிஜன், பிரித்த நைட்ரஜன் இரண்டுமே அதே அறைக்குத்தான் திரும்புகின்றன. சும்மா படுத்திருக்கும் ஓர் உடம்பு செலவழிப்பது நிமிடத்துக்குச் சுமார் கால் லிட்டர். ஜன்னல் திறந்திருந்தால் அதுவும் ஈடாகிவிடும்.

அடுத்த குழப்பம் சதவீதம். நல்ல மெஷினிலிருந்து 90 முதல் 96 சதவீத ஆக்சிஜன் வரும். ஆனால் மூக்கில் செருகும் மெல்லிய குழாய், அதாவது கேனுலா வழியே போகும்போது நீங்கள் இழுக்கும் அறைக் காற்றும் சேர்ந்துகொள்ளும். டிக்காஷன் எவ்வளவு கெட்டியாக இருந்தால் என்ன, பாலோடு கலந்த பிறகு டம்ளரில் இருப்பதுதானே நாக்குக்கு? நிமிடத்துக்கு 2 லிட்டர் வைத்தால் நுரையீரலுக்குப் போவது தோராயமாக 28 சதவீதம், 5 லிட்டரில் 40 சதவீதம். திருப்பூர் நண்பரின் அப்பாவுக்கு 5 லிட்டர் போதாததும் இதனால்தான். அவருக்குத் தேவைப்பட்டது ஆஸ்பத்திரியில் அதிக அளவில் கொடுக்கும் ஆக்சிஜன்.

குறைவு ஒரு பக்கம் ஆபத்து என்றால், அதிகம் இன்னொரு பக்கம் ஆபத்து. பெரியப்பா மாதிரி சிஓபிடி உள்ளவர்களுக்கு, அதாவது வருடக் கணக்கான புகையாலும் தூசியாலும் மூச்சுக்குழாய் நிரந்தரமாகச் சுருங்கியவர்களுக்கு, மருத்துவர்கள் பெரும்பாலும் ஆக்சிமீட்டரில் 88 முதல் 92 வரை இருந்தால் போதும் என்பார்கள். 98 காட்ட வேண்டும் என்று குமிழைத் திருகி அதிகம் வைத்தால் ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு தேங்கி, தலைவலி, அரைத்தூக்கம் என்று போய், எழுப்பினாலும் எழாத நிலை வரலாம். டாக்டர் எழுதிய லிட்டரை நீங்களாக மாற்றாதீர்கள். வீட்டு ஆட்களில் யார் கைவைத்தாலும் தெரிகிற மாதிரி, குமிழுக்குப் பக்கத்தில் அந்த எண்ணை எழுதி ஒட்டிவிடுங்கள்.

வைரஸ் விஷயத்துக்கு வருவோம். இந்த மெஷினுக்குள் போகும் காற்று வடிகட்டிகளைத் தாண்டித்தான் வருகிறது. தொற்றியவர் விடும் மூச்சு மெஷினுக்குள் திரும்பப் போவதில்லை, கேனுலாவின் ஓரமாக அறைக்குள்தான் வருகிறது. அவர் ஆக்சிஜன் இல்லாமல் படுத்திருந்தாலும் அந்த மூச்சு அறைக்குள் வரத்தான் போகிறது. கேனுலாவுக்கு மேலே ஒரு சர்ஜிக்கல் மாஸ்க்கை அவருக்குப் போட்டுவிட்டால் வெளியே வருவது ஓரளவு குறையும்.

வடிகட்டி என்றதும் ஞாபகம் வருகிறது. சோமனூர் பக்கம் ஒரு வீட்டில், மெஷினில் விளக்கு மஞ்சளாக எரிகிறது என்று கூப்பிட்டார்கள். பின்பக்க பில்டரைக் கழற்றினால், ஒரு விரல் கனத்துக்கு வெள்ளைப் பஞ்சு மெத்தை. சுவருக்கு அந்தப் பக்கம் எட்டுத் தறி ஓடுகிறது. மெஷினுக்கே மூச்சுத் திணறினால் அது யாருக்கு மூச்சுக் கொடுக்கும்? சாதாரண வீட்டில் வெளி பில்டரை வாரம் ஒருமுறை கழுவி, நன்றாகக் காய வைத்துப் போட்டால் போதும். தறி வீட்டில் வாரம் இரண்டுமுறை. மெஷினைச் சுவரோடு ஒட்டி வைக்காமல் ஓரடி இடம் விடுங்கள்.

இதுவரை சொன்னதில் இரண்டு விஷயம் மனதில் நின்றால் போதும். நெபுலைசர் மருந்தை உள்ளே தள்ளுகிறது, கான்சன்ட்ரேட்டர் ஆக்சிஜனை. இரண்டிலுமே வைரஸ் வெளியேறும் வாசல், தொற்றியவரின் மூக்கும் வாயும்.

சிபாப்: வேண்டுமென்றே விட்ட ஓட்டை

தூங்கும்போது தொண்டைக் குழாய் சப்பையாகி மூச்சு நின்று நின்று வருவதைத் தூக்க மூச்சுத்தடை என்கிறார்கள். பலத்த குறட்டையும் பகல் தூக்கமும் அதன் அடையாளங்கள். தோட்டத்தில் தண்ணீர் பாய்ச்சும் மடக்குக் குழாய் தண்ணீர் வந்தால் உருண்டு நிமிரும், மோட்டார் நின்றால் தட்டையாகக் கிடக்கும். சிபாப் என்பது தொண்டைக்குள் காற்றைத் தொடர்ந்து தள்ளி, அந்தக் குழாயை நிமிர்த்தியே வைத்திருக்கும் மெஷின். அழுத்தம் பயங்கரமாக எல்லாம் இருக்காது. 10 என்று வைத்தால், ஒரு ஸ்ட்ராவைக் குடத்துத் தண்ணீரில் 10 சென்டிமீட்டர் ஆழத்துக்கு விட்டு ஊதிக் குமிழி வரவைக்கத் தேவைப்படும் அழுத்தம், அவ்வளவே.

மற்ற இரண்டு மெஷினையும்விட வைரஸ் காலத்தில் அதிகம் யோசிக்க வேண்டியது இதைப் பற்றித்தான். சிபாப் மாஸ்க்கின் முன்பக்கம் பொடிப் பொடித் துளைகள் இருக்கும். நீங்கள் விட்ட மூச்சு வெளியேறுவதற்காகவே விட்ட துளைகள் அவை. தொற்று இருந்தால், அழுத்தத்தோடு தள்ளப்பட்ட மூச்சு ராத்திரி முழுக்க அந்தத் துளைகள் வழியே அறைக்குள் பீய்ச்சிக்கொண்டிருக்கும். வால்வு வைத்த என்95 மாஸ்க் போட வேண்டாம் என்று 2020 ஜூலையில் மத்திய அரசு மாநிலங்களுக்கு எழுதியதே, அதே காரணம்தான். அந்த மாஸ்க் போட்டவரைக் காக்கும், எதிரே நிற்பவரைக் காக்காது.

அதற்காக அந்தத் துளைகளை டேப் போட்டு ஒட்டிவிட்டவர்கள் உண்டு. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். விட்ட மூச்சையே திரும்ப இழுக்க வேண்டியிருக்கும், கார்பன் டை ஆக்சைடு ஏறி ஆளையே ஆபத்தில் தள்ளிவிடும். மெஷின் வாயில் ஒரு வைரஸ் பில்டரைச் செருகினால் போதும் என்று விற்பவர்களும் உண்டு. மெஷினிலிருந்து உள்ளே போகிற காற்றைத்தான் அது வடிகட்டும். விட்ட மூச்சு வெளியேறுவது மாஸ்க் துளையில். முன்வாசலில் பூட்டுப் போட்டுவிட்டுப் பின்பக்கப் பொடக்காளியைத் திறந்து வைத்த கதை.

அப்படியானால் சிபாப்பை நிறுத்திவிடலாமா? கூடாது. காய்ச்சலோடு போராடும் உடம்புக்குத் தூக்கத்தில் ஆக்சிஜனும் இறங்கினால் இரட்டைச் சுமை. தொற்று இருக்கும்வரை கணவனோ மனைவியோ வேறு அறையில் படுத்துக்கொள்ளட்டும். சிபாப் போடுபவரின் அறையில் வெளி ஜன்னல் திறந்திருக்க, உள் கதவு சாத்தியிருக்கட்டும். ஆஸ்பத்திரியில் சேர்க்க நேர்ந்தால் மெஷினைப் பற்றி முதலிலேயே சொல்லிவிடுங்கள். அங்கே துளையில்லாத மாஸ்க்கும் தனி பில்டரும் வைத்து வேறு முறையில் பார்த்துக்கொள்வார்கள்.

பாலக்காட்டுக் காற்றுக்கு வேலை கொடுப்போம்

பெருந்துறையில் சானட்டோரியம் என்ற பெயர் இன்றும் இருக்கிறது. காசநோய்க்கு மருந்து வராத காலத்தில் உலகெங்கும் சானட்டோரியங்களில் நோயாளிகளுக்குக் கொடுத்தது ஓய்வு, சாப்பாடு, திறந்த காற்று. வறண்ட காற்றும் வேப்ப மரமும் உள்ள பெருந்துறையில் காசநோய் ஆஸ்பத்திரி வந்ததும் அந்த நம்பிக்கையில்தான். காற்று நோயைக் குணமாக்கியதா என்பது வேறு பேச்சு. ஆனால் ஒருவர் விட்ட மூச்சு இன்னொருவருக்குப் போகாமல் கலைத்துவிடும் வேலையை அது நன்றாகவே செய்யும்.

சீலிங் பேன் காற்றைச் சுற்றிவிடும், வெளியேற்றாது. ஸ்பிலிட் ஏசியும் உள்ளே இருக்கும் காற்றையேதான் திரும்பத் திரும்பக் குளிர வைக்கிறது. வேண்டியது ஒரு வழிப் போக்கு. நல்லா இருப்பவர் பக்கமிருந்து நோயாளி பக்கம், அங்கிருந்து வெளியே.

நம் ஊருக்கு இதில் ஒரு சௌகரியம் உண்டு. வைகாசிக் கடைசியிலிருந்து பாலக்காட்டுக் கணவாய் வழியே மேகாத்து அடிக்கத் தொடங்கினால் ஆடி தாண்டியும் ஓயாது. பல்லடம், உடுமலை பக்கம் காற்றாலைகளை நட்டு வைத்திருப்பதே அந்தக் காற்றை நம்பித்தான். அந்த மாதங்களில் தொற்றியவரைக் கிழக்குப் பக்க அறையில் வையுங்கள். மேற்கிலிருந்து வருகிற காற்று வீட்டைக் கடந்து, அவர் அறை வழியே கிழக்கு ஜன்னலில் வெளியேறிவிடும். அவரை மேற்கு அறையில் வைத்து ஜன்னலைத் திறந்தால், அவர் மூச்சை ஆசாரத்துக்கு நீங்களே கூட்டி வருகிறீர்கள் என்று அர்த்தம். வேறு வழியில்லாமல் மேற்கு அறைதான் என்றால் அதன் உள் கதவைச் சாத்தி, ஜன்னலில் காற்றை வெளியே தள்ளும் எக்ஸாஸ்ட் பேன் வையுங்கள்.

காற்று எப்படிப் போகிறது என்று கண்டுபிடிக்க மெஷின் எதுவும் வேண்டாம். அறைக் கதவு நிலையில் ஒரு முழம் மெல்லிய நூலைத் தொங்கவிட்டால் போதும். நூல் அறைக்குள் சாய்ந்தால் சரி, வெளியே சாய்ந்தால் தவறு. அன்றைக்கு அண்ணியிடம் போனில் நான் சொன்ன முதல் வேலை இதுதான். தறி வீட்டில் நூலுக்கா பஞ்சம்?

தண்ணீர், சோப்பு, நெருப்பு

கான்சன்ட்ரேட்டரிலும் சிபாப்பிலும் மூக்கு வறளாமல் இருக்க ஒரு தண்ணீர் டப்பா இருக்கும். அதில் கொதித்து ஆறிய தண்ணீரோ, மருந்துக் கடையில் வாங்கிய டிஸ்டில்டு வாட்டரோதான் ஊற்ற வேண்டும். குடிப்பதற்குச் சிறுவாணி மாதிரி வருமா என்று நாம் பெருமைப்படலாம். ஆனால் சிறுவாணியே ஆனாலும் கொதிக்க வைத்துத்தான் ஆக வேண்டும். வயிற்றுக்குள் போகும் கிருமியைப் பெரும்பாலும் வயிற்று அமிலம் பார்த்துக்கொள்ளும், நுரையீரலில் அப்படி ஓர் அமிலம் கிடையாது. 2021-ல் கருப்புப் பூஞ்சை பரவியபோது, ஆக்சிஜன் டப்பாவுக்குக் கிருமி நீக்கிய தண்ணீர் மட்டும் பயன்படுத்தச் சொல்லி இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐசிஎம்ஆர் அறிவுறுத்தியது. தினமும் பழசைக் கொட்டி, டப்பாவைக் கழுவிவிட்டுப் புதிதாக ஊற்றுங்கள். மேலே கொஞ்சம் நிரப்பி ஒப்பேற்றாதீர்கள். நெபுலைசர் கிண்ணத்தில் தண்ணீரே கூடாது. டாக்டர் சொன்ன மருந்தும் சலைனும் மட்டும்தான்.

மாஸ்க், கேனுலா, நெபுலைசர் கிண்ணம் ஆகியவற்றுக்குச் சாதாரணச் சோப்புத் தண்ணீர் போதும். கொரோனா வைரஸைச் சுற்றி ஒரு கொழுப்பு உறை இருக்கிறது. எண்ணெய் வைத்த தலையில் அரப்புத் தேய்த்தால் பிசுக்கு கழன்று போவது போல, சோப்பு பட்டதும் அந்த உறை கலைந்துவிடும். பினாயில், பிளீச்சிங் பவுடர், டெட்டால், சானிடைசர் எதுவும் வேண்டாம். அவற்றின் மிச்சத்தை அடுத்த வேளை நீங்களே மூச்சில் இழுப்பீர்கள். சிபாப்பைச் சுத்தம் செய்ய ஓசோன் பெட்டி விற்கிறார்கள். அவற்றை நம்ப வேண்டாம் என்று அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2020 பிப்ரவரியிலேயே எச்சரித்தது. கழுவியதை நிழலில் காய வையுங்கள்.

நெருப்பு விஷயத்தில் விளையாட்டு கூடாது. ஆக்சிஜன் தானாக எரியாது, எரிவதை வெறியாக்கும். ஊதாங்குழலில் ஊதினால் தணல் என்ன ஆகிறது? அதைவிடப் பல மடங்கு. கொசுவத்தி, ஊதுபத்தி, சாம்பிராணி, சாமி விளக்கு, கேஸ் அடுப்பு, பீடி எல்லாம் பத்தடிக்கு அப்பால் இருக்கட்டும். படுக்கை, போர்வை, சட்டை எல்லாம் ஆக்சிஜனை ஊறவைத்துக்கொள்ளும் என்பதால், மெஷினை நிறுத்திய உடனே அடுப்படிக்குப் போகக்கூடாது. இருபது நிமிடமாவது வெளிக்காற்றில் இருந்துவிட்டுப் போகட்டும். மூக்கு வறண்டால் வாசலினோ, தைலமோ, தேங்காய் எண்ணெயோ தடவாமல், தண்ணீரால் ஆன ஜெல் கேட்டு வாங்குங்கள். கையில் தடவிய சானிடைசர் முழுக்கக் காய்ந்த பிறகே மெஷினைத் தொடுங்கள்.

மெஷினை மூடிவிட்டுக் கிளம்ப வேண்டிய நேரம்

பல்ஸ் ஆக்சிமீட்டர் விரலுக்குள் இரண்டு ஒளியைப் பாய்ச்சி, ரத்தத்தில் எத்தனை சதவீதம் ஆக்சிஜன் ஏறியிருக்கிறது என்று கணிக்கும். மருதாணியும் நெயில் பாலிஷும் சில்லிட்ட விரலும் அதை ஏமாற்றும். கையைத் தேய்த்துச் சூடாக்கி, ஒரு நிமிடம் அசையாமல் வைத்துப் பாருங்கள். ஏற்கெனவே நுரையீரல் நோய் இல்லாதவருக்குக் காய்ச்சலோடு 94-க்குக் கீழே இறங்கினால் மருத்துவரிடம் போக வேண்டும், 90-க்குக் கீழே என்றால் உடனே. சிஓபிடி உள்ளவர்களுக்கு அவரவர் வழக்கமான எண்தான் அளவுகோல், அது என்ன என்பதை நல்லா இருக்கும்போதே கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். எண் நன்றாக இருந்தாலும், பேச்சு முடியாமல் மூச்சு வாங்கினாலோ உதடு நீலம் பூத்தாலோ எண்ணைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம்.

கரன்ட் போனால் கான்சன்ட்ரேட்டர் நின்றுவிடும். 5 லிட்டர் மெஷின் 350 வாட் வரை இழுக்கும், பேனுக்கும் லைட்டுக்கும் வாங்கிய இன்வெர்ட்டர் அதை நீண்ட நேரம் தாங்காது. ஒரு சிறிய சிலிண்டரைத் துணைக்கு வைத்துக்கொள்ளுங்கள். அதன் ரெகுலேட்டரைத் திறக்க வீட்டில் குறைந்தது இரண்டு பேருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

அப்புறம் இரவல். ஒறம்பரையில், அதாவது சொந்தபந்தத்தில், ஒருவருக்கு இளைப்பு என்றால் மெஷினைத் தூக்கிக் கொடுத்துவிடுவது நம் ஊர்ப் பழக்கம், நல்ல பழக்கம்தான். நெபுலைசர் பெட்டியைத் துடைத்துக் கொடுங்கள். மாஸ்க், கிண்ணம், குழாய் மட்டும் அவர்களே புதிதாக வாங்கிக்கொள்ளட்டும், சில நூறு ரூபாய்தான் ஆகும்.

அண்ணி அன்றைக்கே மெஷினை அட்டாலியிலிருந்து இறக்கினார். அண்ணன் கிழக்கு அறைக்கும் பெரியப்பா மேற்கு அறைக்கும் மாறினார்கள். பதினான்கு நாள் அப்படியே ஓடியது, பெரியப்பாவுக்குத் தொற்றவில்லை. போன ஆடியில் போயிருந்தபோது அந்த நூல் இன்னும் கதவு நிலையில் தொங்கிக்கொண்டிருந்தது, அழுக்கேறிக் கறுத்துப்போய். நெபுலைசரை மடியில் வைத்துக்கொண்டு ஸ்விட்ச்சைப் போடுவதற்கு முன் பெரியப்பா அதை ஒரு பார்வை பார்த்தார். “தம்பி, காத்து இப்பிடித்தான் போகுது. நீ மேக்கால போய் உக்காரு.”